வீட்டிலிருந்த எதிராளி

ஜூன் 3, திங்கள்

மகள் கயல் கோயம்புத்தூரிலிருந்து வரும்போதே இந்த டைரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா என்ன குடிக்கிறார், எவ்வளவு இறங்குகிறது, காய்ச்சல் இருக்கிறதா என்று தினமும் எழுதிவைக்க வேண்டுமாம். டாக்டர் கேட்பாராம்.

காலை கேழ்வரகுக் கஞ்சி அரை டம்ளர். பதினோரு மணிக்கு இளநீர். மதியம் ரசம் சாதம் நன்றாகக் குழைத்து மிக்சியில் அடித்துக் கொடுத்தேன், நாலு ஸ்பூனோடு வேண்டாம் என்றார். காய்ச்சல் இல்லை.

சாயங்காலம் டாக்டரைப் பார்த்தோம். தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான். குரல்வளையை எடுத்தாக வேண்டும். அதன்பின் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவார். பேச்சு வராது.

கயல் அழுதுவிட்டாள். இவர் அவள் தோளைத் தட்டி, அடைத்த குரலில், "விடும்மா. கூட்டத்துக்கு மைக்செட் போடற ஏழுமலைக்குத்தான் நஷ்டம்" என்றார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என் கணவர் அறவாழி. ஆனால் இந்தப் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் மேடையில்தான் அறிந்திருப்பார்கள். கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார் என்றால் இரண்டு மணி நேரம் கூட்டம் அசையாது. கடவுள் இல்லை என்பதை அவரைப் போலச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஆளில்லை என்பார்கள்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த நான் கிறிஸ்தவ சபை உபதேசியார் வீட்டுப் பெண், சலோமி. சுயமரியாதைத் திருமணம். என் வீட்டில் யாரும் வரவில்லை. இனிமேல் கோயிலுக்குப் போவேன் என்று நானும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போகிறவள்.

ஜூன் 5, புதன்

கஞ்சி இரண்டு வேளை. ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தோம். ஆட்டோவில் முழுக்க அவரே பேசிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரருக்கு முழங்கால் வலிக்கு வைத்தியம்கூடச் சொன்னார்.

ஜூன் 9, ஞாயிறு

பெந்தெகொஸ்தே ஞாயிறு. முதல் ஆராதனைக்குப் போனேன். வழக்கம்போலக் கடைசி வரிசை, தூணுக்குப் பக்கத்தில்.

போதகர் பேதுருவைப் பற்றிப் பேசினார். முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பயந்து, இயேசுவை எனக்குத் தெரியாது என்று சொன்ன அதே ஆள், கொஞ்ச நாளில் ஊர் நடுவே நின்று பேசினார். அந்தத் தைரியம் அவருடையது இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டது என்றார். நானும் அந்தத் தைரியத்தைக் கேட்டேன். கோயிலுக்குப் போவதை இன்றைக்கு இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கத்திரிக்காயும் பீர்க்கங்காயும் வாங்கி வந்தேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மார்க்கெட்ல கூட்டமா?"

"ஆமாங்க. கூட்டம்தான்."

பீர்க்கங்காய் முற்றல். தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 12, புதன்

நாளை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். துணி, போர்வை, பிளாஸ்க், கஞ்சி மாவு எல்லாம் எடுத்துவைத்தேன்.

இரண்டு நாளாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாரோடும் பேசுகிறார், தொண்டை கிழிந்தாலும் பேசுகிறார். இன்று அவர் இயக்கத்து முத்தழகன் வந்திருந்தான். இவரிடம் மேடைப்பேச்சுக் கற்றுக்கொண்டவன். அவனிடமும் கயலிடமும் மறுபடி ஞாபகப்படுத்தினார்: ஏதாவது ஆனால் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும். சடங்கு ஒன்றும் கூடாது. அதற்கு எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கிட்டே வந்து நின்றார்.

"சலோமி, எல்லாரும் கேட்டாங்க, பதில் சொல்லிட்டேன். உனக்கு எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா? குரல் இருக்கிறப்பவே பேசிடலாம்."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "கஞ்சி ஆறிடும், குடிங்க" என்றேன்.

வாங்கிக் குடித்தார். முக்கால் டம்ளர்.

ஜூன் 13, வியாழன்

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் கறிக்கடை வைத்திருந்தவர். அவர் மனைவி மெஹருன்னிசா. மதியம் தொழுகை நேரம் வந்ததும் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு விரிப்பை விரித்தாள். இடம் போதவில்லை. இவர் எட்டித் தன் செருப்பையும் தண்ணீர்க் கேனையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இப்ப சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். அவள் தொழுது முடிக்கும்வரை முத்தழகனோடு போனில் பேசவில்லை. அவன் கூப்பிட்டபோது சத்தத்தை அணைத்துவிட்டார்.

நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

ஆபரேஷன் முடிந்தது. நன்றாகச் செய்துவிட்டோம் என்கிறார்கள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஜெபித்தேன்.

காலையில் உள்ளே கொண்டுபோகும்போது கடைசியாக என்ன சொன்னார் என்று கயல் கேட்கிறாள். "கண்ணாடியை பத்திரமா வை" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

ஜூன் 18, செவ்வாய்

மூக்கு வழியாகக் குழாயில் உணவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருநூறு மில்லி. கழுத்துத் துளையில் சளி எடுக்க நர்ஸ் எனக்குக் கற்றுக் கொடுத்தார். முதல் தடவை குழாயை நர்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், இப்போது பரவாயில்லை.

கயல் ஒரு வெள்ளைப் பலகை வாங்கிக் கொடுத்திருக்கிறாள், எழுதி எழுதி அழிக்கலாம். மேடையில் நீட்டி முழக்கியவர் இதில் நாலு வார்த்தைக்கு மேல் எழுதுவதில்லை. "தலையணை உயரம்." "மின்விசிறி வேண்டாம்." "நீ சாப்பிட்டியா."

ஜூன் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. வார்டிலேயே இருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகவில்லையா என்று பலகையில் எழுதிக் காட்டினார். இல்லை என்றேன். வேறென்னமோ எழுத ஆரம்பித்து அழித்துவிட்டார்.

ஜூன் 27, வியாழன்

நேற்றிலிருந்து காய்ச்சல். புண்ணில் சீழ் பிடித்துவிட்டது. இன்று மதியம் நூற்றுமூன்று. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். கயல் வேலைக்காகக் கோயம்புத்தூருக்குப் போயிருந்தாள், நான் மட்டும்தான்.

கட்டுப் பிரித்துக் கழுவும்போது அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் கோணுகிறது, வாய் திறக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அத்தனை பேரை அடக்கிய குரல். நர்ஸ் போன பிறகும் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது. என் கையைத் தேடிப் பிடித்தார். பயந்திருந்தார். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

குளியலறைக்குப் போகலாம் என்று எழுந்தேன். அவர் கையை விடவில்லை.

அங்கேயே நின்றேன். இன்னொரு கையை அவர் நெற்றியில் வைத்தேன். என் அப்பா சொல்லிக்கொடுத்த ஜெபங்களில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மனதுக்குள் இல்லை, சத்தமாகவே.

"ஆண்டவரே, இவர் உம்மை நம்பலை. நான் நம்புறேன். இவருக்கு ரொம்ப வலிக்குது. தாங்க முடியலை. கொஞ்சம் குறைச்சுக் குடும். எனக்குப் பயமா இருக்கு. இவரு பக்கத்துல இரும்."

பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றது. நான் ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருக்கவே இல்லை என்று தெரிந்தது. கோபம் இல்லை. நான் பயந்துகொண்டிருந்த அந்தச் சிரிப்பும் இல்லை.

சாயங்காலம் காய்ச்சல் நூற்றொன்று. பலகையைக் கேட்டார்.

"இதை எல்லாம் எங்கே வச்சிருந்தே?"

அழித்துவிட்டு எழுதினார்.

"மார்க்கெட் பையிலா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

தலையாட்டினார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். மார்க்கர் மை மங்கிவிட்டது, உதறி உதறி எழுதினார்.

"கயல் பிறக்கறதுக்கு முன்ன. மார்க்கெட் போறவ பூ வச்சுகிட்டு, நல்ல புடவை கட்டிகிட்டு போவாளா?"

அழுதேன். பிறகு கேட்டேன், தெரிந்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று. பலகையை மார்பில் சாய்த்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நான் கேட்டா மிரட்டின மாதிரி ஆயிடும்."

ஜூன் 28, வெள்ளி

காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. உணவு எல்லா வேளையும் இறங்கியது.

காலையில் கண் விழித்ததும் பலகையை எடுத்துக்கொண்டார்.

"நான் நம்பலை. இனிமேலும் நம்பமாட்டேன். அதுக்காக நீ நிறுத்தாதே."

"சரிங்க" என்றேன்.

"சொல்லியிருந்தா உங்கூட சண்டை போட்டிருப்பேன்."

"அதுக்குத்தாங்க பயந்தேன். நீங்க மேடையில பேசுறப்ப எல்லாரும் எப்படி சிரிப்பாங்க. அந்த மாதிரி நீங்க என்னைப் பாத்து சிரிச்சிட்டா, நான் எங்க போய் நிப்பேன்?"

அதைப் படிப்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னச் சின்ன எழுத்தில் பலகை நிறைய எழுதினார். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் இவ்வளவு எழுதியது இதுதான்.

"ஊர் ஊரா போய் எதிராளியைத் தேடினேன். எவனும் சரியா பதில் சொல்ல மாட்டான். நீ வீட்லயே இருந்திருக்கே. நல்ல சண்டையா இருந்திருக்கும் சலோமி. குரல் இருந்தப்ப சொல்லியிருக்கக் கூடாதா?"

கடைசி வரிக்கு இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருந்தார். நான் தலையைச் சாய்த்துப் படித்தேன்.

அன்றைக்கு நான் கஞ்சி ஆற்றும்போது கிட்டே வந்து கேட்டாரே. நான் டம்ளரைப் பார்த்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. துளையைச் சுற்றித் துடைக்கத் துணி கொதிக்கவைத்துக் காயப்போட வேண்டியிருக்கிறது. மழை வேறு தூறுகிறது.

காலையில் குளித்துவிட்டு வந்தேன். "கோயிலுக்குப் போயிட்டு வரேங்க" என்றேன். இந்த வீட்டில் அந்த வாக்கியத்தை முதன்முறையாகச் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கையை மட்டும் ஆட்டினார், சரி போய்வா என்று.

தெரு முனைவரை போய் அழுகையாக வந்தது. எவ்வளவு சின்ன வாக்கியம்.

ஜூலை 16, செவ்வாய்

இப்போது தினமும் மத்தியானம் சண்டைதான். அவர் எழுதுவார், நான் பேசுவேன்.

இன்றைய கேள்வி: "இருக்கார்னா எனக்கு ஏன் இந்த வலி? நானாவது திட்டினவன். பக்கத்துக் கட்டில்காரர் என்ன செஞ்சார்?"

யோசித்தேன். "தெரியலைங்க. எங்கிட்ட பதில் இல்லை. ஆனா அன்னிக்கு நான் தனியா இல்லைன்னு மட்டும் தெரிஞ்சுது."

"அது பதில் இல்லை."

"இல்லதான். அதுக்காக நான் பொய் சொல்லவா?"

தோளைக் குலுக்கிச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. "முதல் தடவையா ஒரு விசுவாசி தெரியலைன்னு சொல்லிக் கேக்கிறேன்" என்று எழுதினார். அடுத்ததை எழுதத் தொடங்கும்போதே கை ஓய்ந்துவிட்டது. பாதி வாக்கியத்தோடு பலகையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். குரல் இருந்திருந்தால் சாயங்காலம்வரை விட்டிருக்க மாட்டார்.

தஞ்சாவூர் அண்ணன் ஞானராஜ் போன் பண்ணினான். ஆஸ்பத்திரியில் ஜெபித்ததைச் சொன்னேன். சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

எடை குறைந்துகொண்டே வருகிறது. கோயிலில் இந்த முறை நடுவரிசையில் உட்கார்ந்தேன். வீட்டில் இவர் எப்படி இருக்கிறார் என்று போதகர் கேட்டார். முழுதும் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை ஆறு மணிக்குக் குழாயில் பால் கொடுத்தேன். துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்தபோது போயிருந்தார். இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இவர் போன அன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

கூடத்தில் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். கருப்புச் சட்டை போட்டிருந்தது. வாசலில் பந்தல், நாற்காலிகள். முத்தழகனும் இயக்கத்து ஆட்களும் அங்கே நின்றார்கள். மதியம் மருத்துவக் கல்லூரி வண்டி வருவதாக ஏற்பாடு.

பத்து மணி வாக்கில் ஞானராஜ் அண்ணன் வந்தான். எங்கள் போதகரையும் கூட்டிவந்திருந்தான். என்னைப் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான்.

"சலோமி, கல்லறைத் தோட்டத்துல இடத்துக்குச் சொல்லிட்டேன். மாப்பிள்ளையை நல்லபடியா அடக்கம் பண்ணிடலாம்."

"அவருக்கு அது வேண்டாம்ணே. கல்லூரிக்கு எழுதிக் குடுத்திருக்கார்."

"அது முன்ன. கடைசியில மனசு மாறிட்டாரே. நீ ஜெபம் பண்ணுனப்ப கையை எடுக்கலைன்னு நீதானே சொன்னே? கண்ணை மூடினாரா?"

"மூடலை."

"பாத்தது யாரு? மூடினார்னு சொல்லு. ஒரு வார்த்தை. மத்ததை நான் பாத்துக்கறேன். நம்ம அப்பா ஆத்துமா சந்தோஷப்படும். உனக்கும் போய் நிக்க ஒரு இடம் வேணாமா?"

போதகர் குறுக்கிட்டார். "ஐயா, அம்மாவைச் சொல்லவிடுங்க. அம்மா, நடந்தது என்னவோ அதைச் சொல்லுங்க, போதும்."

எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தியோடு எல்லாரும் அவரவர் ஆட்களிடம் போய் நிற்பார்கள். அப்பா அம்மா கல்லறையும் தஞ்சாவூரில். இங்கே நான் நிற்க ஓரிடமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் கிடைக்கும். அவரால் மறுக்க முடியாது. உயிரோடு இருந்தபோதே வாய்விட்டு மறுக்கக் குரல் இல்லை.

"கொஞ்சம் இருண்ணே" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

வாசலில் முத்தழகன் பேச ஆரம்பித்திருந்தான். நன்றாகத்தான் பேசினான், இவர் சாயல் இருந்தது. முடிக்கும்போது சொன்னான்: "ஐயாவின் துணைவியார் சலோமி அம்மையார், தான் பிறந்த மதத்தையே உதறிவிட்டு, ஐயாவோடு பகுத்தறிவுப் பாதையில் கடைசிவரை நடந்தவர்..."

முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பேன். ஒருவர் பொய்யைப் பின்கட்டில் கேட்கிறார், இன்னொருவர் பொய்யை வாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாசற்படிக்கு வந்தேன். "தம்பி, நிறுத்துப்பா."

எல்லாரும் திரும்பினார்கள், பெட்டியருகே இருந்த கயலும். நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எதையும் உதறலை. நான் விசுவாசி. வாராவாரம் கோயிலுக்குப் போனவ. இவருக்குத் தெரியும். உங்க யாருக்கும் நான் சொன்னதில்லை, அது என் தப்பு."

முத்தழகன் ஏதோ சொல்ல வந்தான். நான் உள்ளே திரும்பி, பின்கட்டு வாசலில் நின்ற அண்ணனுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இவர் விசுவாசி இல்லை. கடைசி நாள் வரைக்கும் இல்லை. நான் ஜெபம் பண்ணினப்ப கண்ணைத் திறந்துகிட்டுதான் இருந்தார். அவர் சொன்னபடிதான் நடக்கும். கல்லூரிக்குத்தான் போவார்."

அண்ணனுக்கு முகம் இறுகிவிட்டது. "நல்லா இரு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான். போதகர் போகவில்லை.

வண்டி வந்தது. தூக்கப் போகும்போது, "ஒரு நிமிஷம்" என்றேன்.

"அவருக்கு இது வேண்டியதில்லை. எனக்கு வேணும். அதனால நான் பண்ணுறேன். யாரும் சேர வேண்டாம்."

பெட்டியில் கை வைத்து, அத்தனை கருப்புச் சட்டைக்கு நடுவில், சத்தமாகச் சொன்னேன். "ஆண்டவரே, இவரை எங்கூட வச்சிருந்ததுக்கு ஸ்தோத்திரம். நல்ல மனுஷர். நான்தான் இவரை நம்பி வாயைத் திறக்கலை. என்னை மன்னியும். ஆமென்."

ஆமென் என்று போதகர் சொன்னார். மற்றவர்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்கள். பிறகு முத்தழகன், "தூக்கலாமா அண்ணி?" என்று கேட்டான். தூக்கினார்கள்.

குரல் நடுங்காமல்தான் வந்தது. தைரியம் கேட்டேன், கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்க வேண்டியவர்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலில் இரண்டு பேர் என்னிடம் பேசவில்லை. அண்ணன் போனை எடுப்பதில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் கை பழகவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

மத்தியானம் கயல் போன் பண்ணினாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா எல்லாம் கேட்டாள். பிறகு, "ஏம்மா, என்னை ஏன் ஒரு தடவைகூடக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகலை?" என்றாள்.

"அப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் மேல் போட முடியாது.

"எனக்குத் தைரியம் இல்லைடா."

"அப்பா என்ன நினைச்சார், ஏன் நினைச்சார், எல்லாம் எனக்கு மனப்பாடம். உன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. அன்னிக்கு வாசல்ல நின்னு நீ பேசினப்ப, யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப சொல்லு. கேக்கிறேன். ஒத்துக்குவேன்னு சொல்லலை."

சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா சைக்கிளில் ஊர் ஊராகப் போனதிலிருந்து தொடங்கினேன். நடுநடுவே குறுக்கிட்டாள். அது எப்படி, இது எப்படி, அதற்கு என்ன ஆதாரம் என்று விடாமல் கேட்டாள். தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன், ஓரிடத்தில் அவள் சொன்னது தப்பு என்று குரலை உயர்த்தியே சொன்னேன். அவளும் உயர்த்தினாள். கடைசியில் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. முன்பே வாயைத் திறந்திருந்தால், பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். நடுவில் எழுந்து வந்து அவரும் கத்தியிருக்கலாம்.